முதல் கேள்விக்குத்தான் கை தூக்கணும்

முதல் கேள்விக்குத்தான் கை தூக்கணும். காலையில நான் தோசை சுட்டுக்கிட்டு நிக்கும்போதே ரூபன் சொல்லியாச்சு, சர்ச்சுக்குப் போற வழியில கார்ல வச்சு இன்னொரு தடவ, இப்ப இந்த கிளப் ஹவுஸ் வாசல்ல என் கோட்டைக் கழட்டி வாங்கும்போது காதுக்குள்ள மறுபடியும். "அம்மா, முதல்ல நான் பஸ் ஸ்டாப் வேண்டாம்ங்கறவங்க யாருன்னு கேப்பேன். அப்ப நீங்க கைய தூக்குங்க. ரெண்டாவது கேள்விக்கு சும்மா இருங்க. ஓகே?" ஓகேயாம். நான் என்ன பால்வாடிப் பிள்ளையா? ஆஸ்பத்திரியில யாருக்கு எந்த ஊசின்னு பாத்துப் பாத்துப் போட்டே தலை நரைச்சவளுக்கு எந்தக் கேள்விக்குக் கை தூக்கணும்னு தெரியாமலா போயிரும். ஆனா அவன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு. சின்னதுல சண்டே ஸ்கூல் மேடையில வசனம் சொல்லப் போகும்போது இப்படித்தான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிப்பான். இப்ப எம் பிள்ள இந்தக் காலனிக்கே பிரசிடென்ட். நீலக் கோட்டு, கையில ஒரு சின்ன மரச் சுத்தியல் வேற. பிரசிடென்ட் ஓட்டுப் போடக் கூடாதுன்னு இவங்களுக்குள்ள ஒரு வழக்கம். வீட்டுக்கு ஒரு ஓட்டு. எங்க பழைய வீட்டை வித்துப் போட்டுத்தான் இந்த வீட்டை வாங்குனதுனால பத்திரத்துல என் பேரும் இருக்கு, அதனால இன்னைக்கு எங்க வீட்டுக் கை என் கைதான். கொண்டாந்து முன் வரிசையில உக்கார வச்சுட்டான், அவன் கண்ணுக்கு நேரா.

குஷன் வச்ச சேர்தான், ஆனா என் இடுப்புக்கு எந்தச் சேரும் ஆகாது. இடது பக்கமாச் சரிஞ்சா வலது முட்டி குடையுது, நேரா உக்காந்தா நடு முதுகு. வெள்ளக்காரி லிண்டா எந்திரிச்சுப் பேசுதா. நல்ல மனுசி, கிறிஸ்மஸுக்கு வீடு வீடா பிஸ்கட் கொண்டு குடுப்பா, எங்க வீட்டுக்காரரு அவுக வாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பூங்கொத்து அனுப்புனா. அவ சொல்லுதா, எனக்கு பஸ்ஸு மேல ஒரு விரோதமும் கெடையாது, ஷாப்பிங் பிளாசாவோட திரும்பிப் போற பஸ்ஸ நம்ம கேட் வரைக்கும் கொண்டு வாரோம்னு பஸ்காரங்க கேக்குறதும் நியாயம்தான், ஆனா இங்க எல்லார்ட்டயும்தான் கார் இருக்கே, அப்ப அதுல வாறது யாரு? கேட்டுட்டு நிறுத்திட்டா. யாருன்னு அவளும் சொல்லல, கேட்டவங்களும் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுதாங்க. யாரு வருவா? யோலாண்டா வருவா. அவுகள பாத்துக்கிடுதாளே, அந்த யோலாண்டா. அவளுக்கு முன்னால ஏஜென்சியில எத்தன பேரை அனுப்பிப் பாத்தாங்க, எல்லாம் காருல வந்து எறங்குனதுகதான், ஒண்ணு வந்தா ஒண்ணு நிக்கல, இவுக என்னடான்னா வாயை இறுக்கிக்கிட்டு ஒரு ஸ்பூன் கஞ்சி உள்ள விடல. யோலாண்டா வந்த அன்னைக்கு ஒண்ணுமே ஊட்டல. பக்கத்துல உக்காந்து ஏதோ ஒரு கீர்த்தனைய முணுமுணுத்தா. அது நம்ம ராகம் இல்ல, ஆனா இவுக இடது கை படுக்கையில தாளம் போட ஆரம்பிச்சுது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதேன். இப்ப அவ கையிலதான் சாப்பாடு, அவ கையிலதான் சேவிங். அப்படிப்பட்டவ பிளாசாவுல எறங்கி, நடைபாதை இல்லாத அந்தப் பெரிய ரோட்டோரமா, புல்லுக்கும் லாரிக்கும் நடுவுல நடந்து வாறா. போன பனிக்காலத்துல ஒரு லாரிக்காரன் சகதித் தண்ணிய வாரி அடிச்சுட்டுப் போயிட்டான், சொட்டச் சொட்ட வந்து நின்னா, அவ ஷூவை ஹீட்டர்ப் பக்கத்துல வச்சுக் காய வச்சேன். போன மாசம் இந்தக் காலனியில இருந்தே யாரோ போலீசுக்கு போன் பண்ணியிருக்காங்க, தெரியாத ஆள் ஒண்ணு நடந்து வருதுன்னு. கார் வந்து மறிச்சிருக்கு. "எங்க போறேன்னான், வேலைக்குன்னேன், யாரு வீட்டுக்குன்னான், சொன்னேன்." கைய சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டே சொல்லுதா, வெளியில மழை தூறுதுன்னு சொல்லுத மாதிரி.

நடக்கிறது ஒரு குத்தமா, ஏன் கேக்கேன். இந்த நாட்டுல நடந்தாலே குத்தம், அதுவும் ஆளைப் பொறுத்துத்தான். லிண்டாகூட தினம் சாயங்காலம் நாயைப் பிடிச்சுக்கிட்டு நடக்காளே, அவளை எந்த போலீஸ் மறிச்சான், கறுப்புப் பொம்பள யோலாண்டாவத்தானே மறிச்சான்? சரி, பஸ்ஸுன்னா எனக்கு எப்பவும் அந்தக் காலத்து நாப்பத்தொண்ணாம் நம்பர்தான் பஸ். வந்த புதுசு. அவுக காலேஜுல படிச்சுக்கிட்டு இருக்காக, என் நர்சிங் சர்டிபிகேட்டு இங்க செல்லாது, இவங்க பரீட்சை பாஸ் பண்ணணும், அது வரைக்கும் வயித்துக்கு வேணுமே, ஆஸ்பத்திரிக் கிச்சன்ல வேலைக்குச் சேந்துட்டேன். விடியறதுக்கு முன்னால முக்குல போய் நிக்கணும். குளிருன்னா குளிரு, பனங்காட்டு நாசரேத்துக்காரிக்கு என்ன தெரியும் குளிரப் பத்தி, மூக்கு இருக்கா போயிட்டான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிடுவேன். பஸ் கதவு திறந்ததும் அடிக்கும் பாரு ஒரு வாசம், தலைக்குப் போடுற எண்ணெ, காப்பி, நனைஞ்ச கம்பளி எல்லாம் சேந்து, சூடா. உள்ள பூரா வெள்ள ஷூ போட்ட பொம்பளைங்க. கிச்சனுக்கு, லாண்டரிக்கு, தரை கூட்டித் துடைக்கிறதுக்கு. எல்லாரும் கறுப்புப் பொம்பளைங்க, நடுவுல நான் ஒருத்தி ரெண்டுங்கெட்டான் கலர்ல. முத நாள் அங்கங்க சீட்டு காலியா கெடக்கு, நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், ஏன்னா ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொருத்தியோடதுன்னு பாத்தாலே தெரியுது. அப்ப ஒருத்தி தன் பக்கத்துல இருந்த பேக்கை எடுத்து மடியில வச்சா. "நிக்கிறதுக்கா காசு குடுத்தே? உக்காரு." அதான் வில்லா மே. அன்னையில இருந்து என் ஸ்டாப் வாற வரைக்கும் அந்தச் சீட்டுல அவ பேக் உக்காந்திருக்கும். ஒரு நாள் ஒரு தடியன் எடுக்கச் சொல்லியிருக்கான். "ஏன், அந்த பேக்கும் டிக்கெட் எடுத்திருக்கு" அப்படின்னுருக்கா. நான் ஏறி வந்து உக்காரும்போது பஸ்ஸே சிரிக்கி. ஒரு நாள் முக்குல என்னைக் காணலைன்னா டிரைவர் ஓட்டிஸ் ஹாரனை அடிச்சுக்கிட்டே நிப்பான், நான் இட்லி அடுப்ப அணைச்சுட்டு ஓடி வருவேன், ஒருத்தி கூட சலிச்சுக்கிட மாட்டா. இப்ப ஆளுக்கொரு கார்ல கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டுப் போறோமே, யாருக்காக யாரு நிக்கா? அந்தப் பஸ்ஸுக்காக இப்பவும் மனசு கெடந்து ஏங்குது.

கிச்சன்ல ஒரு நீளமான பெல்ட் ஓடும். அதுல தட்டு வரும், ரெண்டு பக்கமும் நாங்க நிப்போம், ஆளுக்கு ஒரு சாமான். ஒருத்தி ரொட்டி, ஒருத்தி முட்டை, நான் கஞ்சி. கஞ்சின்னா ஓட்ஸ் கஞ்சி. முத ஆளா நின்னு தட்டைப் பெல்ட்டுல வைக்கிறது வில்லா மே. தட்டை வச்சு, அதுக்குரிய நோயாளிச் சீட்டைச் சொருகி, "உப்பில்லாதது, மெதுவானது, சக்கரை நோயி" அப்படின்னு ஒரு கூவல் கூவுவா பாரு, நம்மூருத் தெருவுல பதநீருன்னு கூவுன மாதிரி. பெல்ட்டோட வேகத்தைச் சூப்பர்வைசர் கூட்டுவான், கொறைப்பான். ஆனா தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல எவ்வளவு எடம்ங்கிறது அவன் கையில இல்ல, வைக்கிறவ கையில இருக்கு. ரூபன் வயித்துல இருந்தப்ப எனக்கு மசக்கைன்னா மசக்கை, முட்டை வாடை பட்டா ஆகாது. ஒரு நாள் காலையில வாயைப் பொத்திக்கிட்டு நிக்கேன், கண்ணுல தண்ணி முட்டுது, வேலைய விட்டு நகந்தா சீட்டைக் கிழிச்சிருவான் அந்தச் சவத்து மூதி சூப்பர்வைசர். வில்லா மே என்னைப் பாத்தா. தட்டை வச்சா, கூவுனா, கொஞ்சம் பொறுத்து அடுத்ததை வச்சா. பெல்ட்டு ஓடிக்கிட்டேதான் இருக்கு, ஆனா ரெண்டு தட்டுக்கு நடுவுல ஒரு வெறும் பெல்ட்டு நீளமா வருது. அந்த எடைவெளியில நான் ஓடிப் போய் வாந்தி எடுத்துட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னா அடுத்த தட்டு என் முன்னால வந்து நிக்கி. சூப்பர்வைசர் வந்து ஏன் லேட்டாகுதுன்னான். "சீட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு சார், பிரிச்சுப் பிரிச்சு எடுக்க வேண்டியிருக்கு"ன்னா, அப்படியே பாவம் போல. வயிறு பெருத்து நான் லீவுல போற வரைக்கும் தினம் காலையில எனக்கு அந்த எடைவெளி வந்துச்சு. இந்தா மேடையில நிக்கானே பிரசிடென்ட், இவன் அந்த எடைவெளியில பொழைச்சுக் கெடந்தவன்தான். பொறந்த பொறவும் அதே பஸ்ஸுல என் கூட வருவான், வழியில ஒரு சர்ச்சோட கீழ்த்தளத்துல பிள்ளைங்களப் பாத்துக்கிடுவாங்க, அது வரைக்கும் வில்லா மே மடியிலதான் தூங்குவான், எச்சில் வடிச்சு அவ கோட்டெல்லாம் நனைச்சிருப்பான். கேட்டா எனக்கு ஞாபகமே இல்லம்மாங்கான். அதுக்கு அவன் என்ன செய்வான், பச்சப் பிள்ள. எனக்குத்தான் இருக்கே, பத்தாதா?

கைதட்டுதாங்க. யாரு பேசுனா, என்ன பேசுனான்னு கவனிக்கல. இப்ப சுதாகர் ராவ் எந்திரிச்சுட்டாரு, நாலாவது வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில பெரிய ஆளு, ஆந்திராப் பக்கம். "நாங்க யாரும் சும்மா இந்த எடத்துக்கு வந்துறல. கஷ்டப்பட்டு வந்தோம். படிச்சோம், உழைச்சோம். இந்தக் காலனியோட மதிப்பு எங்க உழைப்போட மதிப்பு." என்னைப் பாத்து ஒரு சிரிப்பு வேற, நீங்களும் அப்படித்தானே ஆன்ட்டிங்கிற மாதிரி. உழைச்சோம்தான், யாரு இல்லைன்னா. நான் பரீட்சைக்குப் படிச்சதே அந்த பஸ்ஸுலதான், வில்லா மே கேள்விய வாசிப்பா, நான் பதில் சொல்லணும், தப்பாச் சொன்னா புஸ்தகத்தால தொடையில ஒரு அடி. ஆனா உழைப்புன்னா உழைப்புக்குத் தக்கன எல்லாருக்கும் கெடைக்கணுமில்லா? அவ என்னைவிட எத்தனையோ வருசத்துக்கு முன்னால வேலைக்குச் சேந்தவ, என்னைவிடச் சுறுசுறுப்பு, டபுள் ஷிப்டு பாப்பா, புருசனும் மில்லுல வேலை. அவளும் வீடு வாங்கத்தான் போனா. வாசல்ல ஒரு மரம் இருக்கு மெர்சி பேபி, மர நிழல் அடுக்களை வரைக்கும் வரும்னு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்கச் சொல்லிக்கிட்டு வந்தா. பொறவு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொல்லுதா, அந்தத் தெருக்காரங்க என்னைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டாங்க, எனக்காகவே ஒரு எலுமிச்சை கேக்கு செஞ்சு வச்சிருந்தாங்க, ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க, உங்களுக்கு இங்க பழக்கம் ஆகாதேன்னு ரொம்பக் கவலைப்பட்டாங்க, கேக்கு என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு. பஸ்ஸே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அவளும் சிரிச்சா. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்புனவ ஆஸ்பத்திரி வாற வரைக்கும் திரும்பல. விக்கிறவன் வீட்டை விக்கலைன்னு சொல்லிட்டான். கொஞ்ச காலம் கழிச்சு அதே பக்கத்துல எங்களுக்கு வீடு கெடைச்சுது. ஏஜென்ட் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, நீங்க ரொம்ப அமைதியான ஜனங்கன்னு சாவிய எடுத்துக் குடுத்தான். எல்லாம் கர்த்தர் கிருபைன்னு ஊருக்குக் கடுதாசி எழுதுனாக இவுக. கிருபைக்குத் தோல் கலர் பாக்கத் தெரியுமா? எனக்குப் புரியல, இன்னைக்கு வரைக்கும் புரியல. வில்லா மே மட்டும் வெத்தலைக் கொடி மாதிரி ஒரு செடிய மண் சட்டியில வச்சுக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, அடுக்களையப் பாத்து, நிழல் வருதுன்னா. அவ கடைசி வரைக்கும் அந்த மாடி வாடகை வீட்டுலதான் இருந்தா. அவ அடக்கத்தன்னைக்கு அந்த மாடிப்படி ஏறும்போது கோவம்னா கோவம் எனக்கு, யாரு மேலன்னு தெரியாம கைப்பிடிய அறைஞ்சேன்.

பின்னால மேசையில சமோசா வச்சிருக்கு, பக்கத்துல மஞ்சளா ஒரு கேக்கு. எலுமிச்சைதான், வாசம் இங்க வரைக்கும் வருது. யாரு செஞ்சாளோ, பாவம், அவ எதையும் நெனச்சு செஞ்சிருக்க மாட்டா. இவங்க பேச்சுல கறுப்புங்கிற வார்த்தை ஒருத்தர் வாயிலயும் வரல. பாதுகாப்புங்காங்க, அமைதிங்காங்க, தெருவோட குணாதிசயம் கெட்டுரும்ங்காங்க, தெருவுக்கு ஏது குணாதிசயம். மூணாவது தெருவுல ஒரு கண் டாக்டர் இருக்காரு, காலனிக்கே ஒரே ஒரு கறுப்பு வீடு, அவரு இன்னைக்கு வரல. வந்து என்னத்தக் கேக்க, வீட்டுலயே இருந்தா காதுக்காவது நிம்மதின்னு நெனச்சிருப்பாரு. நம்மூரு என்ன யோக்கியமா? நான் நர்சிங் படிக்கும்போது போற பஸ்ஸு ஊருக்கு வெளிய தள்ளி வச்ச ஜனங்களோட காலனி ஸ்டாப்புல நிக்கவே நிக்காது. ஆளுங்க கைய நீட்டிக்கிட்டே ஓடி வருவாங்க, டிரைவர் காணாத மாதிரி ஆக்சிலேட்டர மிதிப்பான், நிறுத்துனா ஊருக்காரங்க சத்தம் போடுவாங்களாம். தங்கம்னு ஒருத்தி எங்க கூட டிரெய்னிங்ல இருந்தா, அவ அந்த ஸ்டாப்பு. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் நடந்து வந்து ஏறுவா, வெள்ளச் சேலையில முட்டி வரைக்கும் செம்மண்ணு. சிஸ்டர் அவளைத்தான் திட்டுவாங்க, சுத்தம் இல்லைன்னு. நாங்க ஜன்னலுக்குள்ள இருந்து பாப்போம். ஊரு மாறுச்சு, தேசம் மாறுச்சு, கடலைத் தாண்டி வந்து உக்காந்தாச்சு, பஸ்ஸ நிறுத்தலாமா வேண்டாமாங்கிற பேச்சு மட்டும் மாறல. அப்ப என்னைக் கேக்க ஆள் இல்ல. இன்னைக்கு மெனக்கெட்டுக் கூட்டிட்டு வந்து கேக்காங்க.

வெள்ளிக்கிழம யோலாண்டா கெளம்பும்போது கதவுகிட்ட நின்னுட்டா. "மிஸ் மெர்சி, பனி விழ ஆரம்பிச்சா என் முட்டி விடாது. பஸ் வரலைன்னா வேற வீடு குடுக்கச் சொல்லி ஏஜென்சியில கேக்கணும். மிஸ்டர் ஆசீர்ட்ட இன்னும் சொல்லல." அவுகளத்தான் சொல்லுதா. ஞாயித்துக்கிழம என்ன கூட்டம்னு அவளுக்குத் தெரியும், எம் மகன்தான் பிரசிடென்ட்டுன்னும் தெரியும், ஆனா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. டாக்சி வச்சுக் குடுக்கேன்னு நான் கெஞ்சியாச்சு, வீட்டுக்காரங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு ஏஜென்சிச் சட்டம், வேலை போயிரும்ங்கா. ரூபனும் மருமகளும் விடியக்காலமே வேலைக்குப் போயிருதாங்க, நான் கார் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. ரூபன்ட்ட சொன்னேன். "அம்மா, கார் வச்சிருக்கிற ஆளை அனுப்பச் சொல்லுவோம், இது ஒரு பிரச்சனையா?" ரொம்ப சுளுவா சொல்லிட்டான், பல்பு மாத்துத மாதிரி. ஆளை மாத்தலாம்யா, அந்த வாயை யாரு தொறப்பா? அவுகளுக்குப் பேச்சு போயிட்டு, ஆனா யோலாண்டா வாற நேரம் ஆச்சுன்னா கண்ணு கதவுக்குப் போகுது. ஒரு நாள் அவ வர லேட்டு, மழை. நான் ஊட்டப் போனேன், இத்தனை வருசம் கூடக் குடித்தனம் பண்ணுன நான், என் கையத் தட்டி விட்டாக. கோவமா இல்ல, வெக்கத்துல. நான் பாத்துப் பாத்து அவுகளுக்குக் கூச்சமா இருக்கு, அவகிட்ட மட்டும் கூச்சம் இல்ல. அவ வராட்டா இவுக இந்தப் பனியத் தாண்ட மாட்டாக. எனக்குத் தெரியும், எத்தன பேரைப் பாத்திருக்கேன் வார்டுல, சாப்பாட்டை விட்டவங்க எத்தன நாளு. ரூபனுக்கு இதெல்லாம் எப்படிப் புரிய வைக்க. கெட்டவனா அவன்? இல்லவே இல்ல. அப்பாவுக்காகக் கீழ ரூம் கட்டுனான், சக்கர நாற்காலி போறதுக்குக் கதவைப் பெருசாக்குனான், ராத்திரி வந்து அப்பா நெத்தியில முத்தம் குடுத்தாத்தான் படுக்கப் போவான். பயம் அவனுக்கு. சின்ன வயசுல புதுப் பள்ளிக்கூடத்துல இவன் கலரை என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டுருக்காங்க, வீட்டுல வந்து தோலை ஸ்கிரப்பர் வச்சுத் தேச்சுக்கிட்டு நின்னான், நான் பாத்துட்டேன், நான் பாத்தேன்னு அவனுக்குத் தெரியாது. அன்னையில இருந்து அவன் யாரோட சேத்து எண்ணப்படணும்னு ஒரு கணக்கு அவனுக்குள்ள ஓடுது. சுத்தியல் கையில வந்தா அந்தப் பயம் போயிரும்னு நெனச்சான் போல. போகல மக்கா. இந்தா, இப்பவும் அந்த உதட்டைக் கடிக்கான்.

இவனை எதிர்த்து நான் கை தூக்கவா? இத்தனை பேருக்கு முன்னால, எம் பிள்ளைய? பொறவு அதே வீட்டுக்குத்தானே போகணும், அதே கார்ல, பின் சீட்டுல உக்காந்து, அவன் பெடரிய பாத்துக்கிட்டு. மருமக ஒண்ணும் சொல்ல மாட்டா, அவ சொல்லாம இருக்கிறதே பெருசா இருக்கும். ஒரே வீட்டுல இருக்கிற வயசானவங்களுக்கு வாய் எதுக்கு, கை எதுக்கு, சாப்பிடவும் ஜெபம் பண்ணவும் தவிர? சும்மா இருந்துரலாம். ரெண்டுக்கும் தூக்காம இருந்துரலாம். கெழவி தூங்கிட்டான்னு நெனச்சுக்கிடட்டும், கண்ணை மூடிக்கிட்டா முடிஞ்சுது, ஒருத்தருக்கும் பொல்லாப்பு இல்ல. கண்ணை மூடித்தான் பாத்தேன். மூடுனா கதவையே பாத்துக்கிட்டு கெடக்கிற அவுக மூஞ்சிதான் வருது. தாடி மழிச்சு, பவுடர் போட்டு, தலை வாரி, யோலாண்டா செஞ்சு வச்ச மூஞ்சி. சவத்த, என்ன பயம் எனக்கு? இவன் என்ன என்னை ரோட்டுலயா விட்டுருவான்? விட்டா விடட்டும், பத்திரத்துல என் பேரும்தான் இருக்கு. ஐயோ, என்ன பேச்சு பேசுதேன், எம் பிள்ள அப்படிச் செய்வானா. கைய மடிக்கு நடுவுல வச்சு அமுக்கிக்கிட்டேன். சுத்தியல் சத்தம். "சரி, எல்லாரும் பேசியாச்சு, ஓட்டுக்குப் போவோம்"ங்கான் ரூபன். குரல் நல்லா கணீர்னு இருக்கு, அவுக குரல் மாதிரியே. முதல் கேள்வி. "நம்ம வாசல்ல பஸ் ஸ்டாப் வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க." எனக்குப் பின்னால துணி உரசுத சத்தம், கைங்க மேல போற சத்தம், நெறைய இருக்கும்போல. லிண்டாவோட வளையல் சத்தம் கேக்குது. ரூபன் எண்ண ஆரம்பிக்கணும், ஆரம்பிக்கல, என்னைப் பாக்கான். நான் அவனைப் பாக்கேன். புருவத்தைத் தூக்குதான். நான் அசையல. கை மடியிலயே கெடக்கு.

மேடையில இருந்து கொஞ்சம் குனிஞ்சு, மெதுவா, தமிழ்ல கூப்பிட்டான். இந்தக் காலனியில நாலு பேரு மத்தியில அவன் தமிழ் பேசி நான் கேட்டதே இல்ல. "அம்மா. அம்மா, தூங்கிட்டீங்களா? கை... கையத் தூக்குங்க." யாரோ செல்லமாச் சிரிச்சாங்க, வயசானவங்கன்னா அப்படித்தானேங்கிற மாதிரி. எம் பிள்ள மூஞ்சி செவந்து போச்சு. எந்திரிக்கணும்னு நெனைக்கல, ஆனா முன் சேரு இல்லாததுனால பிடிக்க ஒண்ணும் இல்லாம கைத்தடிய ஊனி எப்படியோ எந்திரிச்சுட்டேன். ஒவ்வொருத்தருக்கும் புரியட்டும்னு இங்கிலீஷிலயே சொன்னேன். "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் ரூபன். இது என் கேள்வி இல்ல. என் வீட்டுக்காரரப் பாத்துக்கிட வாற பொம்பள இந்த ரோட்டோரமா நடந்து வாறா, அவளுக்குப் பேரு யோலாண்டா. நீ அடுத்த கேள்வியக் கேளு, நான் நிக்கேன்." அவன் முதல் கேள்விக்கு உள்ள கைய எண்ணி முடிச்சான், வேகமா, கீழ பாத்துக்கிட்டே. அப்புறம் அடுத்ததைக் கேட்டான், பஸ் ஸ்டாப் வேணும்ங்கறவங்க யாருன்னு, அந்தக் கணீர் குரல் இல்லாம. கைத்தடிய இடது கைக்கு மாத்திக்கிட்டு வலது கைய தூக்குனேன், தோள் வலிக்க வலிக்க, எவ்வளவு போகுமோ அவ்வளவு மேல. பின்னால வேற யாரும் தூக்கியிருக்காங்களா இல்லையான்னு தெரியாது, திரும்பிப் பாக்கணும்னு தோணல. முன் வரிசையில இருந்துதான் எண்ணணும். எம் பிள்ள விரலை நீட்டுனான், நேரா என் கண்ணைப் பாத்து, "ஒன்"ன்னான்.